வைத்திருப்பதா, திருத்துவதா, விற்பதா? – மாத்தளைத் தோட்டங்களில் வீட்டுரிமையின் வரலாறு

பழுதடைந்த வீடொன்றையுடைய குடும்பத்தின் முன் மூன்று வழிகள் உள்ளன. அவ்வீட்டை உள்ளவாறே வைத்திருக்கலாம். கூரையை மாற்றி, அறையொன்றைக் கூட்டித் திருத்தியமைக்கலாம். அன்றேல் விற்றுவிட்டு வேறிடம் செல்லலாம். யாழ்ப்பாணத்து விவசாயியும், மாத்தளை நகரத்து வணிகரும், அயலிலுள்ள சிங்களக் கிராமத்தவரும் இம்மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்தே முடிவு செய்கின்றனர். கையிலுள்ள பணம், பிள்ளைகளின் படிப்பு, மகளின் சீதனம், முன்னோர் வாழ்ந்த மண்மீதான பற்று ஆகியன அம்முடிவை நிர்ணயிக்கின்றன. ஆயின் மாத்தளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளருக்கு இவ்வினா நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வடிவில் எழவேயில்லை. அவர்கள் பிறந்து, மணந்து, பிள்ளை பெற்று, இறந்த லயத்து அறை அவர்களுடையதன்று. அதனை வைத்திருப்பது வேலையைப் பொறுத்தது. திருத்துவது துரையின் அனுமதியைப் பொறுத்தது. விற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

உடைமை என்பதன் பொருளை இம்மூன்று வினைகளைக் கொண்டு அளந்தறியலாம். ஒரு மக்கட் கூட்டத்துக்கு இவை வரலாற்றின் எவ்வெக் கட்டங்களில் எவ்வாறு மறுக்கப்பட்டன என்பதையும், மறுப்புக்கிடையிலும் அம்மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் மாத்தளையை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காணி கைமாறிய கதை

மாத்தளையின் வீட்டுரிமை வரலாறு காட்டிலே தொடங்குகின்றது. 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாகியது. 1820களில் கம்பளைப் பகுதியில் முளைவிட்ட கோப்பிச் செய்கை, 1830களின் பிற்பகுதியில் மலைநாடெங்கும் வேகமாகப் பரவத் தலைப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதனால் அங்கு உற்பத்தி குன்றியமையும், இலங்கைக் கோப்பிக்கு விதிக்கப்பட்ட சுங்க வரி மேற்கிந்தியக் கோப்பியின் வரியோடு சமப்படுத்தப்பட்டமையும் இதற்கு ஏதுவாயின. தோட்டத்துக்குக் காணி தேவைப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் அத்தேவையை நிறைவு செய்தது. உரிமையை நிரூபிக்கும் ஆவணம் இல்லாத காடும், தரிசும், சேனை நிலமும் முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என அச்சட்டம் கூறியது.

கண்டிக் குடியானவன் தனது சேனையைத் தலைமுறை வழக்கினால் அனுபவித்து வந்தான், எழுத்தினால் அன்று. வயலுக்குச் சான்று காட்ட முடிந்தவர்கூட, வயலுக்கு மேலேயிருந்த காட்டுக்குச் சான்று காட்ட முடியவில்லை. விறகும், மேய்ச்சலும், வறட்சிக் காலத்துக் குரக்கனும் தந்த அக்காடு 1844 வரை ஏக்கர் ஒன்று 5 சிலிங் என்ற ஆரம்ப விலைக்கு விற்கப்பட்டது. அதன் பின்னரே ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. ஆளுநர் மக்கென்சி உட்பட உயரதிகாரிகள் பலர் கோப்பிக் காணி வாங்கியோரின் வரிசையில் இருந்தனர்.

1848 யூலை இறுதியில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் மன்னனாக முடிசூட்டப்பட்டான். புரன் அப்பு முதலியோரின் தலைமையில் திரண்டோர் மாத்தளையைத் தாக்கினர்; அரசாங்கக் கட்டடங்கள் சூறையாடப்பட்டு வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. துப்பாக்கிக்கும், நாய்க்கும், கடைக்கும் விதிக்கப்பட்ட புதிய வரிகளும், வீதி வேலைக்கான கட்டாய உழைப்புமே கிளர்ச்சியின் உடனடிக் காரணங்கள். எனினும் காணியிழப்பினால் உண்டான மனக்கசப்பு அவற்றின் அடியில் கிடந்தது என்பதை மறுத்தல் இயலாது. 1848 ஓகஸ்ட் 8 ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆளுநர் டொரிங்டன் 1850 இல் பதவியிழந்து திரும்பினார். விற்கப்பட்ட காணி மட்டும் திரும்பவில்லை.

இந்நிகழ்ச்சியை ஈண்டு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. சிங்களக் குடியானவன் ஆவணமின்மையால் காணியை இழந்த அதே மலைச்சரிவில், கடல்கடந்து வந்த தமிழ்த் தொழிலாளி ஆவணமின்றியே குடியமர்த்தப்பட்டான். பிற்காலத்தில் இவ்விரு சாராரும் ஒருவர்க்கொருவர் பகையாளிகளாகக் காட்டப்பட்டனர். ஆயின் இருவரது இழப்புக்கும் மூலமாய் அமைந்தது ஒரே விற்பனையே.

2. நடந்து வந்தோரும் லயமும்

தென்னிந்தியாவின் இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் தோணிகளிலேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வாந்திபேதியும், மலேரியாவும், பட்டினியும், காட்டு விலங்குகளும் வழியில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டன. இவ்வட பாதையில் வந்தோர் முதலிற் கண்ட மலைநாட்டுப் பட்டினம் மாத்தளையே. மலையக மக்களின் வரலாற்று நினைவில் மன்னாரும் மாத்தளையும் இணைத்தே பேசப்படுவதன் காரணம் இதுவாகும்.

கோப்பிக் காலத்தில் வந்தோரிற் பெரும்பாலோர் ஆடவர். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். ஆகவே அவர்களுக்கு அமைக்கப்பட்டது வீடன்று, தங்குமிடம். 1869 இல் கோப்பி இலைநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிச் செய்கை அழிந்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. மாத்தளையில் தேயிலையுடன் றப்பர், கொக்கோ, ஏலம், மிளகு ஆகியனவும் பயிராயின. 1880 இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. தேயிலைக்குப் பருவம் என்பது இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். எனவே குடும்பங்கள் குடியமர்ந்தன. பயிர் மாறியது, வந்தோரின் வாழ்க்கையும் மாறியது, ஆனால் தங்குமிடம் மாறவில்லை. பருவத் தொழிலாளிக்கென எழுந்த லயமே நிரந்தரக் குடும்பத்தின் இல்லமாயிற்று. இதுவே பின்வந்த இடர்கள் பலவற்றின் ஊற்றுக்கண் எனலாம்.

லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகளின் தொகுதி. காம்பரா எனத் தொழிலாளர் வழங்கும் அறை ஒவ்வொன்றும் பொதுவாக 10 அடிக்கு 12 அடி அளவினது; அதன் முன்னே இஸ்தோப்பு எனப்படும் சிறு திண்ணை. சில லயங்களில் ஒரு வரிசை அறைகள். வேறு சிலவற்றில் முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசைகள். இத்தகைய இரட்டை லயங்களிற் பின்புறம் கதவோ சாளரமோ அமைக்க வழியில்லை. புகை வெளியேறவும் வழியில்லை. சமையல், படுக்கை, பேறு, நோய், மரணம் யாவும் அவ்வொரே அறைக்குள் நிகழ்ந்தன. மகனுக்கு மணமானால் இஸ்தோப்பைச் சாக்கினாலோ பலகையினாலோ மறைத்து மணமக்களுக்கு இடமளிப்பர். தோட்டத்தின் வீட்டுத் திருத்த வரலாற்றில் முதல் அத்தியாயம் இம்மறைப்பே என்பது நகைப்புக்குரியதன்று.

தொழிலாளி இவ்வறையை விட்டகலவும் எளிதில் முடியவில்லை. அவன் பெரிய கங்காணிக்குக் கடன்பட்டிருந்தான். வேறு தோட்டத்துக்குச் செல்வதாயின் கடன் தொகை குறிக்கப்பட்ட ‘துண்டு’ எனும் சீட்டைப் பெறல் வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தினாலே பழைய தோட்டம் அவனை விடுவிக்கும். 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே இம்முறை ஒழிந்தது. இருக்கவும் உரிமையில்லை, போகவும் உரிமையில்லை என்பதே அவனது இரட்டை நிலை.

3. வைத்திருத்தல்

லயத்து அறையிற் குடியிருத்தல் தொழில் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். ஆகையால் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி கூலியை மட்டுமன்றிக் கூரையையும் பணயம் வைத்தான். 1930களில் தொழிற்சங்க இயக்கம் தோட்டங்களிற் பரவியபோது, பற்றுச்சீட்டைக் கொடுத்து வெளியேற்றுவதே நிர்வாகங்களின் கையிலிருந்த கூரிய ஆயுதமாயிற்று.

நாட்டின் பொதுவான காணிக் கொள்கையும் அவர்களைப் புறத்தே நிறுத்தியது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நிலமற்ற குடியானவர்க்கு அரச காணி வழங்கப்பட்டது. கோப்பி யுகத்தில் இழந்ததற்கு ஒருவகைப் பரிகாரமாக அது அமைந்தது, வேண்டப்பட்டதும் நியாயமானதுமாகும். ஆயின் இந்திய வம்சாவளித் தொழிலாளர் அதன் பயனாளிகளாக ஏற்கப்படவில்லை.

இவ்விரு கொள்கைகளும் மோதிய களமாக 1946 இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டம் விளங்கியது. அயற்கிராமத்துக் குடியேற்றத்துக்கென அரசு அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். அவர்கள் மறுத்தனர். அவர்களுக்கு ஆதரவாகப் பிற தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் மூண்டது. இவ்வகைப் பிணக்கிலே குற்றவியல் அத்துமீறல் எனத் தொடுக்கப்பட்ட வழக்கொன்று இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. செல்வநாயகம் என்ற தொழிலாளர் சம்பந்தப்பட்ட அவ்வழக்கில் 1950 இல் தீர்ப்பு வழங்கப்பட்டது. ஒருவன் தான் குடியிருந்த இல்லத்தை விட்டுப் போக மனமின்றித் தங்கியிருத்தல், பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்குடன் தங்கியிருத்தல் ஆகாது என்பதே அதன் சாரம். சட்டத்தின் நுணுக்கம் ஒன்றைப் பற்றியதாயினும், வீட்டின்மீது ஒரு மனிதன் கொண்ட பிடிப்பை நீதிமன்றம் கணக்கிலெடுத்த அரிய தருணம் அது. அது தண்டனையிலிருந்து காத்ததேயன்றி வீட்டுரிமை எதனையும் வழங்கவில்லை.

இத்தீர்ப்புக்கு முன்னரே அடித்தளம் பெயர்ந்துவிட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. மீண்டும் ஆவணமே கேட்கப்பட்டது: தந்தையின் பிறப்புக்குச் சான்று எங்கே? காட்டு வழியே நடந்து வந்தவனின் மகனிடத்து அச்சான்று எவ்வாறிருக்கும்? 1840 இல் கண்டிக் குடியானவனிடம் கேட்கப்பட்ட அதே வகைக் கேள்வி 1948 இல் தமிழ்த் தொழிலாளியிடம் கேட்கப்பட்டது. விடையும் ஒன்றாகவே இருந்தது.

1971 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய சிறப்பேற்பாட்டுச் சட்டம், நீதிமன்றக் கட்டளையின்றித் தொழிலாளியைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றலாகாது என விதித்தது. ஆயின் அடுத்த ஆண்டே காணிச் சீர்திருத்தம் வந்தது. 1972 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் தனியாரின் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நுவரெலியாவின் பெருந்தோட்டங்களைப் போலன்றி, மாத்தளை, கண்டி, கேகாலை ஆகிய இடைநாட்டு மாவட்டங்களிற் சிறிய தோட்டங்கள் கிராமங்களுக்கிடையே கலந்து கிடந்தன. அவற்றிற் பல துண்டாடப்பட்டுக் கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அல்லது கூட்டுறவுப் பண்ணைகளாயின. அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையும் கூரையும் ஒருங்கே இழந்து வீதிக்கு வந்தனர். 1973–74 இன் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இவ்விழப்பு பட்டினிச் சாவுகளாக முடிந்தது. வைத்திருத்தல் எனும் முதல் வினை இவ்வாறு முறிந்தது.

4. விற்றல்

1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறீமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட 1974 இல் உடன்பட்டன. மக்களிடம் கருத்துக் கேட்கப்படாமலே மக்கள் தொகை பங்கிடப்பட்டது. பின்னர் விண்ணப்பம் கோரியபோது இந்தியாவை விட இலங்கைக் குடியுரிமை வேண்டியோரே கூடுதலாக இருந்தனர் என்பது நோக்கற்பாலது.

ஒவ்வொரு லயத்திலும் இரவிரவாக ஆலோசனை நிகழ்ந்தது. போவதா, இருப்பதா? அண்ணன் இந்திய விண்ணப்பமும் தம்பி இலங்கை விண்ணப்பமும் எழுதிய குடும்பங்கள் உள. மணமான மகள் கணவன் வழியே ஒரு நாட்டுக்கும், பெற்றோர் மற்றொரு நாட்டுக்கும் உரியோராயினர். கடவுச்சீட்டு வந்து, நாட்டை விட்டகலுமாறு அறிவித்தலும் வந்தபின் கணக்குப் பார்த்தனர். ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வரும். விற்பதற்கு என்ன உண்டு? மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டை விற்க முடியாது. அறையின் பின்னே வளர்த்த பலாவையும் மாவையும் விற்க முடியாது; மரக்கறித் தோட்டம் தோட்டத்தின் நிலம். பசுவை விற்கலாம், மாட்டுக் கொட்டிலுக்குத் தன் காசில் வாங்கிப் போட்ட தகரத்தைக் கழற்றி விற்கலாம், அம்மியையும் உரலையும் அயல்வீட்டாருக்குக் கொடுக்கலாம். உலகில் வேறெங்கேனும் ஓர் ஊரை விட்டுச் செல்லும் குடியானவன் வீட்டை விற்ற பணத்தில் அடுத்த ஊரிற் கால்பதிக்கின்றான். இவர்களோ வாழ்நாள் உழைப்பில் உருவான பெறுமதி அனைத்தையும் மலையிலே விட்டுவிட்டு, கழற்றத்தக்கவற்றை மட்டும் விற்றுச் சென்றனர்.

தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தனர். பாட்டன் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தான். பேரன் மாத்தளையிலிருந்து மன்னாருக்கு அழுதுகொண்டு சென்றான். 1984 இல் கப்பற் போக்குவரத்து நிற்கும்வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர்.

போகாது நின்றோரிற் பலரும் நிலைக்கவில்லை. 1977 ஓகஸ்ட் கலவரத்தின் பின் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தோர் ஏராளம். 1983 யூலையில் மாத்தளை நகரத்துத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. உறுதியும் வாடகைச் சீட்டும் உடையவரது வீடும் ஓரிரவிற் சாம்பலாகலாம் என்பதை அவ்யூலை காட்டியது. உறுதிப் பத்திரம் தீயைத் தடுக்காது. எனினும் தீ அணைந்தபின் திரும்பி வந்து, இவ்விடம் எனது எனச் சொல்வதற்கு அப்பத்திரம் உதவிற்று. லயத்திலிருந்து விரட்டப்பட்டவனுக்கு அவ்வாறு சொல்லவும் இயலவில்லை.

இங்கு இலக்கிய வரலாற்றுச் செய்தியொன்றும் கருதத்தக்கது. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு என மாத்தளையைச் சேர்ந்த எழுத்தாளர் பலர் ஊரின் பெயரைத் தம் பெயர்க்கு முன் சூடிக்கொண்டனர். ஊர்ப்பெயரைப் புனைவது தமிழில் வழமையே. ஆயின் காணிப் பதிவேட்டில் ஓரங்குலமேனும் தம் சமூகத்தின் பெயரில் இல்லாத நிலையில், ஊரைப் பெயரிலே பதிவு செய்துகொண்ட செயல் தனிப் பொருளுடையதாகின்றது.

5. திருத்தல்

1986, 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் பிரச்சினை படிப்படியாகத் தீர்ந்தது. குடியுரிமை வந்தது, வாக்குரிமை வந்தது, வீட்டுரிமை உடன் வரவில்லை. 1992 இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. மாத்தளையில் அரச நிறுவனங்களின் பொறுப்பிலேயே தொடர்ந்த தோட்டங்களும் உள. நிலம் அரசினது, நிர்வாகம் கம்பனியினது, வாழ்வு தொழிலாளியினது என மூன்றாகப் பிரிந்த இவ்வமைப்பில், கூரையின் ஓட்டை யாருடையது என்ற கேள்விக்கு விடை கூறுவார் இலர்.

உள்ளூராட்சியும் கைகொடுக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. தொழிலாளி வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே அவன் வாயிற்பாதையைச் செப்பனிட முடியாதிருந்தது. 2018 இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது.

1993 இல் பெருந்தோட்ட வீடமைப்பு, சமூக நலன் பொறுப்பு நிதியம் நிறுவப்பட்டது. லயங்களுக்குப் புதுக்கூரை இடுதல், லயத்தின் மேல் மாடி எழுப்புதல், தனிவீடும் இரட்டை வீடும் கட்டுதல் எனப் பலவகைத் திட்டங்கள் நடந்தேறின. வீடு கட்டியோர் கடன் பெற்றனர். கடன் மாதச் சம்பளத்தில் வெட்டப்பட்டது. கடன் தீர்ந்த பின்னும் உறுதி கைக்கெட்டாத குடும்பங்கள் பல. பின்வந்த திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்பது அளவாயிற்று. இந்திய அரசின் உதவியில் மலையகத்துக்கு 4,000 வீடுகளும், 2017 இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 120 சதுர அடி அறையில் வாழ்ந்தவர்க்கு அது பெரிது. தோட்டம் கைவிடப்பட்டால் பயிரிட்டு வாழ நினைப்பவர்க்கு அது மிகச் சிறிது.

அதிகாரப்பூர்வத் திட்டங்களுக்கு வெளியே, மக்கள் தாமே செய்த திருத்தங்கள் ஏராளம். இஸ்தோப்பு சுவர் பெற்று அறையாகியது. பின்புறத்தே தகரக் குசினி எழுந்தது. மண் தரைக்குச் சீமெந்து வந்தது. கொழும்புக் கடையில் வேலைசெய்த மகனின் பணத்திலும், மத்திய கிழக்கில் பணிபுரிந்த மகளின் பணத்திலும் சாளரமும் தரைக்கல்லும் வந்தன. தனதல்லாத வீட்டிற் பணத்தைக் கொட்டுவது அறிவுடைமையா எனப் பொருளியல் கற்றோர் வினவலாம். வீட்டைத் திருத்துதல் முதலீடு மட்டுமன்று. உரிமை கோரும் செயலுமாகும் என்பதே அதற்கு விடை.

அவ்வுரிமைக் கோரிக்கை எத்துணை ஆபத்தானது என்பதை அண்மைய நிகழ்ச்சி ஒன்று உணர்த்தியது. 2023 ஓகஸ்ட் மாதம் மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றில், இடநெருக்கடியால் ஒரு குடும்பம் எழுப்பிய தற்காலிகக் குடிசையைத் தோட்ட அதிகாரியொருவர் உடைத்தெறிந்தார். அக்காட்சி நாடெங்கும் பரவிக் கொதிப்பை உண்டாக்கியது; பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. தகரமும் பலகையும் கொண்ட அச்சிறு கட்டடத்தின் பெறுமதி சொற்பம். ஆயின் ‘அனுமதியின்றித் திருத்தலாகாது’ என்ற நூற்றாண்டு கடந்த விதி இன்னும் உயிரோடிருக்கின்றது என்பதையே அது காட்டிற்று.

6. பிறநாட்டு அனுபவங்கள்

மேற்கிந்தியத் தீவான திரினிடாட்டில் 1869 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள், ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர் தாயகம் திரும்பும் இலவசப் பயணத்தைக் கைவிட்டால் அதற்கீடாக அரச காணி பெறலாம் என்ற ஏற்பாடு இருந்தது. தோட்டங்களுக்குத் தொழிலாளர் அருகிலே கிடைக்க வேண்டுமென்ற தன்னலம் அதன் பின்னே இருந்ததாயினும், அதன் விளைவாக இந்தியர் கிராமங்கள் எழுந்தன. இலங்கையில் அத்தகைய தெரிவு வழங்கப்படவில்லை.

மலாயாவில் 1950களிற் பெரும் றப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தமிழ்த் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். 1960 இல் அமைச்சர் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தொழிலாளர் மாதந்தோறும் சிறு தொகை செலுத்திப் பங்குதாரராகித் தோட்டங்களையே வாங்கினர். அரசியல் தலைமை, சேமிப்பு, குடியுரிமை மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் அது இயல்வதாயிற்று. அதே காலத்தில் இலங்கைத் தொழிலாளருக்குக் குடியுரிமையே இல்லை என்பதை ஒப்புநோக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தாயகம் திரும்பியோருக்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. மாத்தளையை விட்டுச் சென்றவர் அங்கும் தோட்டக் குடியிருப்பிலே வாழ்ந்தனர். ஓய்வு பெற்றதும் அதனைக் காலிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை அங்கும் பின்தொடர்ந்தது. கடல் கடந்தும் லயம் அவர்களை விடவில்லை.

7. இன்றைய வினா

இன்று மாத்தளைத் தோட்டங்களில் வாழும் ஓர் இளந்தம்பதியர் முன் மூன்று வழிகள் மெய்யாகவே தோன்றத் தொடங்கியுள்ளன. பழைய லயத்து அறையை ஒட்டுப்போட்டு வைத்திருக்கலாம். சிறு காணித் துண்டில் கடனோடு புதுவீடு கட்டலாம். தோட்டத்தை விட்டு நகருக்குச் செல்லலாம். தோட்ட வேலையை விட்டவர்களும் லயத்திலே வாழ்கின்றமையால், வேலையோடு வீட்டைப் பிணைக்கும் பழைய தத்துவம் நடைமுறையிற் குலைந்துவிட்டது, சட்டத்திலே குலையவில்லை.

வழங்கப்படும் உறுதியில் விற்கும் உரிமையும் அடங்க வேண்டுமா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. விற்கலாம் என்றால் வறுமையுற்ற குடும்பம் முதற் பஞ்சத்திலேயே வெளியாருக்கு விற்றுவிடும், சமூகம் மீண்டும் நிலமற்றதாகும் என்பர் ஒரு சாரார். 1840களிற் கண்டிக் கிராமங்கள் பட்ட பாட்டை நோக்கின் இவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. விற்கவும் அடகு வைக்கவும் முடியாத காணி உடைமையாகாது, நிபந்தனையோடு கூடிய இன்னொரு லயமே என்பர் மற்றொரு சாரார். வங்கிக் கடனும், பிள்ளையின் உயர்கல்வியும், சிறுதொழிலும் காணியின் பிணையிலே தங்கியுள்ள இக்காலத்தில் இக்கூற்றும் வலியுடையதே. இரண்டையும் இணைக்கும் வழி இல்லாமலில்லை. குறித்த சில ஆண்டுகள் விற்பனையைத் தடுத்துப் பின் முழுவுரிமை வழங்கலாம். விற்பனையின்போது அத்தோட்டத்துக் குடும்பங்களுக்கு முன்னுரிமை அளிக்கலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதலாம். கொழுந்து பறித்த கூலியில் கடன் செலுத்துபவர் பெரும்பாலும் பெண்ணாக இருக்க, உறுதி ஆணின் பெயரில் மட்டும் எழுதப்படுதல் முறையாகாது. விற்பதா என்ற முடிவில் அவள் கையொப்பமும் வேண்டப்படல் இன்றியமையாதது.

2023 யூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்த நடைபயணம், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தது. முன்னோர் நடந்த வழியே வழித்தோன்றல்கள் நடந்தனர். தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் உடன் நடந்தனர். வீட்டுக்கும் காணிக்குமான உரிமை அவர்களது கோரிக்கைகளுள் முதன்மையான ஒன்றாக இருந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்கள் மாத்தளையை அடைந்தபோது தங்குவதற்கு ஓர் இடம் கேட்டனர், அது கிடைத்தது. இப்போது நடந்து வந்தவர்கள் அந்த இடத்துக்கு ஓர் உறுதி கேட்டனர். அது கிடைக்கும் நாளிலே மாத்தளைத் தோட்டத்துக் குடும்பமும் பிற குடும்பங்களைப் போல ஒரு மாலைப்பொழுதில் இஸ்தோப்பில் அமர்ந்து, இவ்வீட்டை வைத்திருப்பதா, திருத்துவதா, விற்பதா என ஆற அமர ஆலோசிக்க இயலும். அவர்கள் எம்முடிவுக்கு வரினும் அது அவர்களது முடிவாக இருக்கும்.